முன்சீட்டில் நடந்த பேரம்

கடையை மகன் கையில் ஒப்படைத்துவிட்டு இனிமேல் வீட்டோடு இருக்கப்போகிறேன் என்று துணிக்கடைக்காரர் அறிவித்தபோது, அவர் மனைவி திரும்பிச் சமையலறையைப் பார்த்தாள். ஆயுள் முழுக்கப் பேரம் பேசிய வாய் சும்மா கிடக்குமா? வீட்டில் வாடிக்கையாளர்கள் இல்லை. அடுப்பு இருந்தது. அடுப்பின் முன்னால் அவள் இருந்தாள்.

"வெங்காயம் வதக்க இவ்வளவு எண்ணெய் எதுக்கு? பாதி போதும்."

"பாதி ஊத்துனா அடிப்பிடிக்கும்ங்க."

"சரி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம். முக்கால்."

முக்காலில் முடிந்ததே என்று நிம்மதியாகக் கரண்டியை எடுத்தால், கத்தரிக்காய்க் காம்பை ஏன் இவ்வளவு நீளமாக நறுக்கிப் போட்டாய் என்று குப்பைக்கூடையைக் கிளறுவார். பாத்திரம் கழுவும் சோப்பை வெயிலில் பிடித்துப் பார்த்து, "போன வாரம் தடியா இருந்துச்சே" என்பார். சமையலறையில் அவள் மூச்சு விட்டால்கூட, கொஞ்சம் குறைத்து விடு என்பார் போலிருந்தது.

கடவுள் கண் திறந்த மாதிரி, பக்கத்து வீட்டுக்குப் பல் டாக்டர் குடிவந்தார்.

தனி ஆள். பழைய கார் ஒன்று வைத்திருந்தார். வாரம் முழுக்க ஊரார் வாய்க்குள் குனிந்திருப்பவர், ஞாயிற்றுக்கிழமையானால் காரின் வாய்க்குள் குனிந்துவிடுவார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சிமெண்டுத் தளம், ஆளுக்குப் பாதி. அவர் தன் பாதியில் ஜாக்கி போட்டுக் காரைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி வைத்து, பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எஞ்சினுக்குள் விட்டு, "எங்கடா வலிக்குது, சொல்லு" என்று அதனோடு பேசிக்கொண்டே போல்ட்டைக் கழற்றுவார். சுத்தியல் சத்தம் தெருமுனை வரை கேட்கும். தளமோ துணிக்கடைக்காரர் பக்கமாகச் சற்றே சரிந்திருந்தது. கசிந்த எண்ணெய் மெல்ல நடந்து எல்லை தாண்டியது.

"என் பாதியில எண்ணெய்!" என்று துணிக்கடைக்காரர் குதித்தார்.

அந்தக் கறுப்புச் சொட்டு அவள் வயிற்றில் பாலை வார்த்தது. அன்றிலிருந்து அவர் நாற்காலி சமையலறையை விட்டு ஜன்னலுக்கு இடம்பெயர்ந்தது. ஞாயிறு முழுக்கச் சண்டை. மற்ற நாட்களில் சண்டைக்கான தயாரிப்பு. கடையிலிருந்து கொண்டுவந்த துணி அளக்கும் டேப்பால் தினமும் கறையை அளந்து, "இன்னைக்கு ஒரு விரக்கடை வளர்ந்திருக்கான்" என்பார். அவள் இஷ்டத்துக்கு எண்ணெய் ஊற்றித் தாளித்தாள்.

ஆனால் மனுஷர் சண்டையோடு நிற்கவில்லை. தெருச் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டார். சங்கத் தலைவர் ரயில் நிலையத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பிரச்சினையையும் சிவப்பு, பச்சை என்று இரண்டே வார்த்தையில் தீர்ப்பவர். வரும் ஞாயிறு நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

அவளுக்குத் தூக்கம் போயிற்று. தலைவர் சிவப்பு என்றால் தளத்தில் ரிப்பேர் நின்றுவிடும். ரிப்பேர் நின்றால் நாற்காலி சமையலறைக்குத் திரும்பிவிடும். வழக்கில் ஜெயிப்பது அவர், தண்டனை அனுபவிப்பது அவள்.

தலைவரிடம் சொல்ல வேண்டியதை அவர் சனிக்கிழமை முழுக்க ஒத்திகை பார்த்தார். ஒத்திகைக்குத் துணையாக வறுத்த கடலையைக் கொறித்தார். எந்தக் கடலை அந்த வேலையைப் பார்த்ததோ, பழைய பல் அடைப்பு பெயர்ந்து விழுந்தது. ஞாயிறு விடிந்தபோது அவர் ஒரு கன்னத்தில் பன் ஒன்றை ஒளித்துவைத்தவர் போல் இருந்தார்.

"பக்கத்துலயே டாக்டர் இருக்காரே."

"செத்தாலும் அவன்கிட்ட வாயைத் திறக்க மாட்டேன்."

"தலைவர்கிட்டயாவது திறக்கணுமே? இந்த வாயால என்னத்தைச் சொல்வீங்க?"

அவர் யோசித்தார். அதற்குள் அவள் வெளியே போய், காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் தம்பி, அவருக்குப் பல்லு."

கால்கள் ஒரு கணம் அசையவில்லை. "புகார் கொடுத்த அண்ணனுக்கா?"

"அவருக்கேதான்."

டாக்டர் வெளியே வந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ஆஸ்பத்திரி இன்று பூட்டு. ஆனால் கைப்பை வீட்டில் இருக்கிறது. இன்றைக்குச் சுத்தம் செய்து மருந்து வைத்து அடைத்தால் வலி போய்விடும். சாய்ந்து படுக்க வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கிற ஒரே இடம் காரின் முன்சீட்டு.

துணிக்கடைக்காரர் கன்னத்தைப் பிடித்தபடி காரைச் சுற்றிவந்தார். "சக்கரத்தை மாட்டு. ஜாக்கியை எடு. அப்பத்தான் ஏறுவேன்" என்று வலியிலும் விட்டுக்கொடுக்காமல் நின்றார். இத்தனை நாள் சண்டை போட்டும் மாட்டாத சக்கரத்தை, டாக்டர் பேசாமல் மாட்டினார்.

முன்சீட்டு சாய்ந்தது. கழுத்தில் துண்டு ஏறியது. ஊசி இறங்கியது. பாதி வாய் மரத்து, மீதி வாய் பஞ்சால் நிறைந்து, டாக்டரின் இரண்டு கைகளும் உள்ளே போனபோது, குடையைத் தட்டிக்கொண்டு சங்கத் தலைவர் வந்து நின்றார்.

"புகார் கொடுத்தவர் எங்கே?"

"இதோ, உள்ள இருக்கார்" என்றாள் அவள், திறந்திருந்த கார்க் கதவைக் காட்டி.

தலைவர் குனிந்து பார்த்தார். "புகாரே இந்தக் காரைப் பத்திதானே?"

"ஆமாங்க. நேர்லயே சோதிச்சுப் பார்க்கிறார்."

"சரி, சொல்லுங்க. நிறுத்தணுமா, விடணுமா? சிவப்பா, பச்சையா?"

முன்சீட்டிலிருந்து வந்த சத்தத்தை எந்த மொழியிலும் சேர்க்க முடியாது. பிறகு துண்டுக்கு அடியிலிருந்து ஒரு கை மேலே எழுந்தது. இறுக மூடிய முஷ்டி.

அது கடைப் பாஷை. வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது வாயால் சொல்ல முடியாததை விரலால் சொல்வது. மூடிய கை என்றால் ஒரு பைசா இறங்காதே. மடங்கிய சுண்டுவிரல் என்றால் கொஞ்சம் இறங்கு. விரிந்த கை என்றால் முடிந்தது, கட்டிக் கொடு. கடை ஆரம்பித்த காலத்தில் கல்லாவில் உட்கார்ந்தவள் அவள்தான். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

"என்ன சொல்றார்?" என்றார் தலைவர்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ரிப்பேர் ஞாயித்துக்கிழமை மட்டும்தான். மத்த நாள்ல கூடவே கூடாதுன்னு கறாரா இருக்கார்."

இரண்டாவது முஷ்டியும் எழுந்து காற்றை இடித்தது.

"அதுவும் சாப்பாட்டு நேரம் வரைக்கும்தானாம்."

"ஆஆ!"

"அசையாதீங்க அண்ணே, ஊசி முனை உள்ள இருக்கு" என்றார் டாக்டர். அந்தப் பாஷை அவருக்குத் தெரியாது. ஆனால் மொழிபெயர்ப்பு தன் பக்கமாகச் சரிகிறது என்பது மட்டும் புரிந்தது. முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. ஆசையும் வந்துவிட்டது. "சாப்பாட்டுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் கிடைச்சா…"

சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. அவளும் பாத்திரக்கடைக்காரர் மகள். எதிராளி சிரித்தால் விலை குறைவு என்று பொருள்.

"சாயங்காலம் வரைக்கும் வேணும்னா செஞ்சுக்கட்டும்ங்கிறார். ஆனா காருக்கு அடியில எப்பவும் தட்டு வைக்கணும். ஒரு சொட்டு இந்தப் பக்கம் வரக்கூடாது."

"வெச்சுடறேன் அண்ணி."

"இன்னொண்ணும் சொல்றார்."

"ஒண்ணும் சொல்லலையே, சும்மாதானே படுத்திருக்கார்?" என்றார் தலைவர்.

"கண்ணால சொல்றார். ரிப்பேர் நடக்கிற நேரம் முழுக்க அவர் பக்கத்துல நாற்காலி போட்டு மேற்பார்வை பார்க்கணுமாம். அவர் பார்க்காம ஒரு போல்ட்கூடக் கழட்டக் கூடாது."

டாக்டரின் சிரிப்பு உதிர்ந்தது. "அண்ணி, அது மட்டும் வேண்டாமே! தட்டு ரெண்டா வெக்கிறேன்."

"நான் என்ன தம்பி பண்றது? அவர் சொல்றதைத்தான் சொல்றேன்."

அவள் முன்சீட்டைப் பார்த்தாள். இரண்டு முஷ்டிகளும் அந்தரத்தில் நின்றிருந்தன. மரத்துப்போன முகத்தில் கண்கள் மட்டும் எதையோ கணக்குப் போட்டன. பக்கத்தில் நாற்காலி. தன் அனுமதி இல்லாமல் திரும்பாத போல்ட்டுகள். எதிர்த்துப் பேச ஓர் ஆள், வாரம் தவறாமல்.

மெதுவாக, ஒவ்வொரு விரலாக, வலது கை விரிந்தது.

"இது என்ன?" என்றார் தலைவர்.

"சம்மதம்னு அர்த்தம்ங்க" என்றாள். அன்று அவள் மொழிபெயர்த்ததில் உண்மையானது அது ஒன்றுதான்.

"பச்சை" என்று சொல்லிக் குடையை ஊன்றிக்கொண்டு தலைவர் கிளம்பினார்.

பொழுது சாய்ந்து, வாய் கணவரிடம் திரும்பி வந்தது. வந்ததும் முதல் வேலையாக அவளைப் பிடித்துக்கொண்டது.

"நான் மூடின கையைத்தானே காட்டுனேன்?"

"கடைசில விரிச்சது யாரு?"

"அது… ஊசி போட்டதுல விரல் மரத்துப்போச்சு."

"பல்லுக்குப் போட்ட ஊசி விரலுக்கு எப்படிங்க வரும்?"

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். கன்னம் இன்னும் வலிக்கிறது என்றார்.

அடுத்த ஞாயிறு அவர் குளித்து, கடைக்குப் போகிற நாளைப் போலத் தலைவாரி, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தளத்துக்குப் போனார். டேப்பும் கூடப் போயிற்று. அவள் வாணலியை அடுப்பில் ஏற்றினாள். ஜன்னல் வழியே குரல் வந்தது.

"இந்தச் சின்ன போல்ட்டுக்கு இவ்வளவு கிரீஸ் எதுக்கு? பாதி போதும்."

"பாதி வெச்சா தேஞ்சுடும் அண்ணே."

"சரி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம். முக்கால்."

அவள் எண்ணெய்ப் பாத்திரத்தைத் தாராளமாகச் சாய்த்தாள். நிமிர்ந்தபோது, காருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பல் பிடுங்க வந்தவன் நாற்காலியைப் பார்க்கிற பார்வை. எப்படியாவது இவரை உள்ளே கூப்பிட்டுக்கொள்ளுங்களேன் என்று கெஞ்சியது.

அவள் ஜன்னலில் கையை உயர்த்தி இறுக மூடிக் காட்டினாள்.

டாக்டருக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனாலும் பெருமூச்சு விட்டுக்கொண்டு அவர் காருக்கு அடியில் போய்விட்டார்.