மே மாதத்துத் தண்ணீர்

எங்கள் பாஸ்போர்ட்டுகளுக்கு ஒன்பது வயது. இரண்டிலும் ஒரு முத்திரைகூட விழுந்ததில்லை. வியட்நாமில் மலையைப் படிப்படியாக வெட்டி நெல் போடுகிறார்கள், செங்கல்லில் கட்டிய பழைய சிவன் கோயில்களும் இருக்கின்றன என்று டிவியில் பார்த்த நாளிலிருந்து எனக்கு அங்கே போக ஆசை. என் வீட்டுக்காரர் பஞ்சநதம் மாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அறுப்பு முடியட்டும் என்பார். வலங்கைமான் பக்கம் அறுப்பு முடிந்தால் உளுந்து, உளுந்து முடிந்தால் உழவு. எங்கே முடிகிறது?

அடுத்த வருஷம் பாஸ்போர்ட் காலாவதி. புதுப்பிக்க வேண்டாம், தண்டச்செலவு என்று சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏப்ரலில் ஸ்பிரேயர் ரிப்பேருக்காகக் கும்பகோணம் போனோம். கடைக்காரர் காத்திருக்கச் சொன்னதும் இவரை ஜாஃபர் சாதிக்கின் டிராவல்ஸுக்குள் இழுத்துக்கொண்டு போனேன். ஜாஃபர் எங்கள் ஊர்க்காரர்தான். துபாய்க்கும் உம்ராவுக்கும் டிக்கெட் போடுகிறவர், இப்போது வியட்நாமுக்கும் ஆள் அனுப்புகிறார்.

செப்டம்பர்தான் தோதான மாதம் என்றார் ஜாஃபர். மலை முழுக்கக் கதிர் பழுத்து நிற்குமாம். அது குறுவை அறுப்பு என்றார் இவர். அக்டோபரா, சம்பா நடவு. பொங்கல் கழித்தா, சம்பா அறுப்பு. அப்போது அங்கே ஒரே பனிமூட்டம், ஒன்றும் தெரியாது என்று ஜாஃபரும் சேர்ந்துகொண்டார். நெல்லைப் பார்க்கவா பிளேன் ஏறுவது என்று கேட்டுவிட்டு இவர் எழுந்தே விட்டார்.

மே கடைசியில் சும்மாதானே இருப்போம் என்றேன். ஆறு காய்ந்து கிடக்கும், மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும், வேறு வேலை கிடையாது.

ஜாஃபர் தயங்கினார். "அக்கா, மே மாசம் போனா கதிரே இருக்காது. நடவுக்கு வெறும் தண்ணிதான் கட்டியிருப்பாங்க. அப்பறம் என்னையத் திட்டக்கூடாது" என்று கம்ப்யூட்டரைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினார்.

மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை வயல்கள். எல்லாவற்றிலும் வரப்பு முட்டத் தண்ணீர். மேல் வயல் நிரம்பிக் கீழ் வயலுக்கு வழிந்துகொண்டிருந்தது.

கதவு வரை போனவர் திரும்பி வந்தார். படத்துக்குக் கிட்டே குனிந்தார்.

"மே மாசத்துலயா?"

"மே கடைசிலேண்ணே."

"மேல இருக்கறவன் கீழ இருக்கறவனுக்கு விடுறானா?"

"விடுறாங்கண்ணே. அப்படியே அடி வரைக்கும் வரும்."

இவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அத நான் கண்ணால பாக்கணும். டிக்கெட்டப் போடுப்பா."

ஒன்பது வருஷமாக நான் கெஞ்சியதற்கு அசையாத மனுஷர். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளாமல், காலையிலேயே பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்த பாஸ்போர்ட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தேன்.