வெட்டு அளவு

ஸ்ரேயாவின் முழங்கை மடிப்பில் டேப்பின் நுனியை அழுத்தி, ஆள்காட்டி விரலின் முதல் கணு வரைக்கும் இழுத்துப் பிடித்தாள் ரமா. சரியாகப் பன்னிரண்டு அங்குலம். குழந்தை கூச்சத்தில் நெளிந்தது. இனிமேல் இந்த வீட்டு ஏர் ரைஃபிள் தனக்கேதானா என்று தெலுங்கில் கேட்டது. ரமா தலையை மட்டும் ஆட்டி வைத்தாள். ஹாலில் அவள் கணவர் பாலசுப்ரமணியன், குழந்தையின் தாத்தா கிருஷ்ணபிரசாத்துக்கு எதிரில் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். பணி ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் பழைய டைரக்டருக்கு முன்னால் அவருக்கு முதுகு சாயவில்லை. இப்போது கிருஷ்ணபிரசாத்தான் ஷூட்டிங் கிளப்பின் தலைவர். கிளப் கமிட்டியில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

"எத்தனைடீ?" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

"பதினொண்ணு," என்றாள்.

பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவள் வாயிலிருந்து வருவது எப்போதும் வெட்டு அளவுதான். ரவிக்கையோ, திரைச்சீலையோ, கட்டிலுக்கு அடியில் வைக்கும் பலகையோ, கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டுத்தான் சொல்லுவாள். துப்பாக்கியைத் தோளில் முட்டுக்கொடுக்கும் அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் கட்டையின் முனையில் ஓர் அங்குல ரப்பர் வரும் என்று காலையில்தான் காட்டியிருந்தார். பன்னிரண்டில் ஒன்று போனால் பதினொன்று. முப்பத்தேழு வருஷக் குடித்தனத்தில் இந்தக் கணக்கை அவள் சொன்னதுமில்லை, அவர் கேட்டதுமில்லை.

இதே டேப்பால் தன் பெண் ஸ்மிதாவின் கையையும் அளந்திருக்கிறாள். அப்போது ஸ்மிதாவுக்குப் பன்னிரண்டு வயது. இதே ஏர் ரைஃபிள்தான். பெரியவர்களுக்கான நீளம். ஸ்மிதா முகத்தைக் கட்டையில் பதிக்க எக்கி, உடம்பைப் பின்னால் வளைத்து, கழுத்து நரம்பு புடைக்கச் சுட்டாள். மாவட்டப் போட்டியில் குண்டு ஒன்றுகூட நடுவில் விழவில்லை. கட்டையைக் குறைத்துக் கொடுங்கள், பெண்ணுக்குக் கண் இருக்கிறது என்று கோச் வீட்டுக்கே வந்து சொன்னார். பாலசுப்ரமணியன் மசியவில்லை. வெட்டினது வெட்டினதுதான், பிறகு ஜன்மத்துக்கும் அதை நீட்ட முடியாது, ஒரு குழந்தையின் ஆசைக்காக அருமையான துப்பாக்கியை முடமாக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டார். ரமா வாயைத் திறந்தபோது, தெரியாத விஷயத்தில் நடுவில் பேசாதே என்றார். ஸ்மிதா அழவில்லை. அடுத்த வாரம், சுடும்போது போட்டுக்கொள்ளும் கோட்டை மடித்துப் பரணில் வைத்துவிட்டாள். அப்புறம் படித்தாள், வேலைக்குப் போனாள், புனேயில் இருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அப்பாவிடம் அதற்குப் பிறகு எதையும் கேட்டதில்லை. கல்யாணத்துக்குக்கூட எனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. ரமாவுக்கு அதுதான் ஆறவில்லை.

அளவெடுத்த மறுநாள் காலை பாலசுப்ரமணியன் பால்கனியில் செய்தித்தாளை விரித்தார். எதிரே லோத்குண்டா ராணுவ நிலத்து மரங்கள். சுற்றுச்சுவருக்கு அப்பால் யாரோ வரிசையாக ஓடும் பூட்ஸ் சத்தம். காபி கொண்டு வந்தவளிடம், "நக்கோ, இப்போ வேண்டாம், அப்புறம். வந்து இதைப் பிடி," என்றார். துப்பாக்கியிலிருந்து கழற்றிய கட்டையை, பழைய துண்டைச் சுற்றி, வைஸ் இடுக்கியில் இறுக்கினார். விசை வரும் இடத்திலிருந்து ஸ்கேலை வைத்தார். ரப்பருக்கு ஒன்று என்று முணுமுணுத்தபடி, பத்தாவது அங்குலத்தில் வெள்ளைப் பென்சிலால் கோடு போட்டார்.

ரமா கோட்டைப் பார்த்தாள். அவள் கழித்ததை அவரும் ஒரு தடவை கழித்திருக்கிறார். ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை அங்கேயே கடித்து வைத்துக்கொண்டாள். கட்டை ஆடாமல் இரண்டு கையாலும் நன்றாக, உடந்தையாகப் பிடித்துக்கொண்டாள். ஜன்மத்துக்கும் நீட்ட முடியாததை அவர் கையாலேயே வெட்டட்டும். டைரக்டர் சார் முன்னால் குழந்தை தோளில் வைத்துப் பார்க்கட்டும். அப்போது இவர் முகத்தை நான் பார்க்க வேண்டும்.

ரம்பம் போயிற்று. வெட்டுவாய்க்குள் வெறும் பொள்ளல். அவருக்குத் தெரியும்போல, ஏற்கெனவே செதுக்கி வைத்திருந்த மரத்துண்டைப் பசை தடவி உள்ளே இறக்கினார். இறுகியதும் ரப்பரை வைத்துத் திருகினார். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்கேலை வைத்தவர், ஏதோ சந்தேகம் வந்து மறுபடி வைத்தார்.

"பதினொண்ணு வரது. நீ சொன்ன பதினொண்ணு ரப்பரோட சேர்த்தா, சேர்க்காமயா?"

"சேர்க்காம."

அவர் முகம் வெளுக்கும் என்று காத்திருந்தாள். அவரோ சிரித்தார்.

"போறது போ. உன்கிட்ட அளவு கேட்டேன் பாரு. இது ஒரு விஷயமே இல்லை. ரப்பருக்கும் கட்டைக்கும் நடுவுல தகடு வெச்சா ஆச்சு. நல்லதுதான், அது வளர வளர ஒவ்வொண்ணா சேர்த்துண்டே போலாம். பெரிய ஆளுக்குக்கூடப் பொருந்தும்."

ரமாவுக்கு முதலில் புரியவில்லை. "வெட்டினதை நீட்டலாமா?"

"பேஷா. எல்லா கிளப்லயும் பண்றதுதானே."

"எப்போலேர்ந்து?"

"நான் சேர்ந்த காலத்துலேர்ந்து," என்றவரின் கையில் உப்புத்தாள் நின்றது. எதைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

"அப்போ ஸ்மிதாவுக்கு?"

"அது பழங்கதை. பொண்ணு, ரெண்டு வருஷம் சுட்டுட்டு விட்டுடுவான்னு நினைச்சேன்."

"இதுவும் பொண்ணுதானே."

"இது கிருஷ்ணபிரசாத் சாரோட பேத்தி," என்றார், பால் விலை சொல்வதுபோல.

அவர் கட்டையைத் துடைத்து, துணிக் கொடியில் கம்பியால் தொங்கவிட்டு, மங்கிய கறுப்பு ஸ்ப்ரேயை இரண்டு பூச்சு அடித்தார். புதுசு மாதிரி ஆயிற்று. பாலாநகரில் தகடு வெட்டிக்கொண்டு வருகிறேன், நாலு மணிக்கு ஹப்சிகுடாவிலிருந்து அவர்கள் கிளம்பி வந்துவிடுவார்கள், சேவை பண்ணி வை, யாரும் இதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

சேவை பிழிந்தாள். தேங்காய் ஒன்று, எலுமிச்சை ஒன்று என்று இரண்டு தினுசு கலந்தாள். புனேக்கு போன் பண்ணலாமா என்று யோசித்தாள். வேண்டாம். ஸ்மிதா கேட்டுவிட்டு, விடும்மா, அப்பா வயசானவர் என்பாள். அவளுக்கு மன்னிக்கத் தெரியும். அதனால்தான் அவளிடம் சொல்லக்கூடாது. அந்தக் குழந்தை என்ன பாவம் பண்ணிற்று என்றும் தோன்றத்தான் செய்தது. தோன்றியதும் பதிலும் வந்தது: அதற்கு யாராவது வேறொன்று வாங்கித் தருவார்கள்.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தாள். கட்டையைக் கொடியிலிருந்து இறக்கி, அவர் செய்தது போலவே துண்டைச் சுற்றி வைஸில் இறுக்கினாள். முனைப் பக்கம் போகவில்லை. அங்கே எத்தனை வெட்டினாலும் அவர் தகடு வைத்துக்கொள்வார். விசைக்குப் பின்னால், விரல்கள் சுற்றிப் பிடிக்கும் ஒடுங்கலான கழுத்தைத் தடவிப் பார்த்தாள். எந்தத் தகடுக்கும் அங்கே இடமில்லை. கோடு போடவில்லை. அளக்கவுமில்லை. ரம்பத்தை வைத்து இழுத்தாள். முதல் இழுப்பு வழுக்கிற்று, இரண்டாவது கடித்துக்கொண்டது.

கீழே கார்க் கதவுகள் சாத்தப்பட்டன. லிஃப்ட் மேலே வந்தது. வாசலில் ஸ்ரேயாவின் குரலும், அவளைச் சிரிக்கவைத்தபடி கூடவே வந்த பாலசுப்ரமணியனின் குரலும் கேட்டன. சாவி பூட்டில் திரும்பியது. ரமா நிறுத்தவில்லை. முழுசாகக் காயாத கறுப்பு அவள் இடது உள்ளங்கையில் ஒட்டியிருந்தது; பிளாஸ்டிக் தூள் வளையல்களில் படிந்தது. சட்டென்று ரம்பம் மேல்சுவரைக் கடந்து உள்ளே இருந்த பொள்ளலுக்குள் இறங்கிற்று. சத்தம் மாறியது.