நிவேஸ் வீட்டு மட்டி

எர்மெஸ் கடைசியாகச் செய்த சாதாரண காரியம், தன் ரப்பர் பூட்ஸ் இரண்டையும் கழுவிச் சமையலறைச் சுவரோரம் கவிழ்த்து வைத்ததுதான். விடிந்தபோது அவர் படுக்கையில் குளிர்ந்து கிடந்தார். கவிழ்த்தபடியே இருந்த பூட்ஸ்களில் கடல்நீர் நிறைந்து நின்றது, ஒரு சொட்டும் சிந்தாமல். அவர் மனைவி நிவேஸ் அவற்றைத் தூக்கியதும் தண்ணீர் தரையில் கொட்டியது. மதியத்தில் வாசல் வழியே வற்றியது. சாயங்காலம் திரும்பி வந்தது. அன்று முதல் அந்தச் சமையலறைக்குள் கடல் நாளுக்கு இரண்டு தடவை ஏறி வற்றுகிறது. இத்தாலியின் போ நதிக் கழிமுகத்தில், கடல் மட்டத்துக்குக் கீழே, மண்கரையின் தயவில் கிடக்கும் போர்த்தெசீன் என்ற ஊரில் ஈரம் புதிதில்லை. ஆனாலும் இருபக்கத்து வீடுகளிலும் தரை காய்ந்தே இருந்தது.

மருத்துவர் இதயம் நின்றது என்று எழுதினார். நண்டுதான் காரணம் என்றது ஊர். நீல நண்டு எப்படி வந்தது என்பதில் அங்கே இரண்டு கருத்து கிடையாது. அட்லாண்டிக்கின் மறுகரையில் சரக்கை இறக்கிய கப்பல்கள், பாரத்துக்காக மொண்டு வந்த தண்ணீரை இந்தக் கடலில் கக்கின. அதில் குஞ்சாக வந்தது. சில வருடங்கள் வலைக்கு ஒன்றிரண்டு மாட்டியது, பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டினார்கள். அப்புறம் ஒரு கோடையில் ஊரையொட்டிய உப்பங்கழி முழுக்க அதுவாகவே இருந்தது. வளர்ப்பு மட்டிச் சிப்பிகளைப் பொரி கொறிப்பதுபோல் கொறித்தது. வலையை அறுத்து விலாங்கைத் தின்றது, ஊர்ப் பச்சை நண்டைத் தின்றது, கடற்புல்லை வேரோடு பிடுங்கிப்போட்டது, வேறு எதுவும் கிடைக்காத நாளில் தன் இனத்தையே தின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மணி அடிக்கவில்லை. மணிக்கயிற்றை நண்டு தின்றுவிட்டது என்றார் பங்குச் சாமியார். யாரும் சந்தேகப்படவில்லை. நண்டைச் சமைத்துத் தின்று ஒழியுங்கள் என்று வானொலியில் யோசனை சொன்னபோது பக்கத்து வீட்டு டெல்ஃபினா, "ஆமா, அது நம்மளத் தின்னு முடிக்கட்டும். அது வயித்துக்குள்ள உக்காந்துகிட்டு நாமளும் திம்போம்" என்றாள். எர்மெஸின் மட்டிப் பாத்தி செப்டம்பரில் வெறும் ஓடானது. அக்டோபரில் அவர் பூட்ஸைக் கழுவினார்.

நிவேஸ் வீட்டை விட்டுப் போகவில்லை. நாற்காலியைச் செங்கல்மேல் ஏற்றினாள், முழங்கால் தண்ணீரில் நின்று சோளக்களி கிளறினாள். நகராட்சியிலிருந்து வந்து வீடு வசிக்கத் தகுதியற்றது என்று ஒட்டிய தாளை ஏற்றநீர் வந்து உரித்துக்கொண்டு போயிற்று. ஏற்றத்தோடு நண்டுகளும் வந்தன, வாசற்படி வரைக்கும். போர்த்தெசீனில் திறந்த கதவானாலும், பெற்ற மகளானாலும், வாசலில் நின்று "வரலாமா?" என்று கேட்காமல் யாரும் அடுத்த வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. நண்டுக்குக் கேட்க வாயில்லை. கொடுக்கைத் தூக்கியபடி படிக்கு வெளியே நின்றுவிட்டு, தண்ணீர் வற்றும்போது திரும்பிப் போயின. அதனால் கழியில் அற்றுப்போனவை எல்லாம் அந்தச் சமையலறைக்கு வந்து சேர்ந்தன. ஓடுகளின் இடுக்கில் கடற்புல் முளைத்தது. அடுப்புக்குக் கீழே உளுவை மீன் முட்டையிட்டது. வண்டல் ஒரு சாண் படிந்த பிறகு மட்டியும் வந்தது.

அதை முதலில் நிவேஸ் வளர்ப்பு மட்டி என்றுதான் நினைத்தாள். குனிந்து பார்த்தபோது சேற்றுக்கு மேலே அதன் மூச்சுக்குழல் இரண்டும் தனித்தனியே, இரண்டு கொம்பாக நீட்டியிருந்தன. வளர்ப்பு மட்டிக்கு அவை ஒட்டியிருக்கும். இது அவள் கல்யாணத்துக்கு முன்னால் தின்ற பழைய மட்டி, கழியின் சொந்த மட்டி. நாற்பது வருடத்துக்கு முன்பு, சீக்கிரம் வளரும், நல்ல விலை போகும் என்று தூரக் கிழக்கின் மட்டிக்குஞ்சை மூட்டை மூட்டையாக வரவழைத்து, சாமியாரைப் படகில் ஏற்றித் தீர்த்தம் தெளிக்கவைத்து, ஊரே பாட்டுப் பாடிக் கழியில் கொட்டியது. அடுத்த சில வருடங்களில் வீடுகளுக்கு மாடி எழும்பியது. பழைய மட்டியின் இடத்தையெல்லாம் வந்தது பிடித்துக்கொண்டது. ஒருமுறை கொடுத்த ஆசீரைத் திரும்பப் பெற திருச்சபையில் வழி கிடையாது.

செய்தி பரவியதும் மட்டிக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவன் லோரிஸ் வந்தான். எர்மெஸின் அக்கா மகன்.

"அத்தை, நண்டு வராத எடம் ஊருக்கே இது ஒண்ணுதான். இங்க குஞ்சு விட்டு வளத்தா, அடுத்த வருஷம் எல்லாருக்கும் வெத கெடைக்கும்."

"எந்தக் குஞ்சு?"

"நம்ம மட்டிக் குஞ்சுதான்."

"நம்மளுதா? அது வந்து எறங்குன லாரிக்கு வழி காட்டுனதே நான்தான்டா."

"நாப்பது வருஷம் சோறு போட்டுச்சே அத்தை."

"போட்டுச்சு. யாரு தட்டுலேர்ந்து எடுத்துப் போட்டுச்சுன்னு கேட்டியா?"

"செத்ததுக்கு அழுதுகிட்டு இருந்தா, இருக்கறவன் வயித்துக்கு என்ன பண்றது?"

"இது சாகலயே. மூச்சு விடுது பாரு. இதுக்கு மேல ஒரு மூட்டை கொட்டினேன்னா என் மவன்னு பாக்கமாட்டேன், துடுப்பாலேயே போடுவேன்."

"மருமவன் அத்தை. மவன் இல்ல."

"அதான் தைரியமா சொல்றேன்."

அந்தக் குளிர்காலத்தில் ரொட்டிக்கடையில் அவளுக்கு மட்டும் முந்தின நாள் ரொட்டி கிடைத்தது. அவள் அதைக் காப்பியில் நனைத்துத் தின்றாள். பிப்ரவரியில் ஒருநாள் நல்ல ஏற்ற நேரத்தில் லோரிஸ் இரண்டு மூட்டைக் குஞ்சைத் தோளில் போட்டுக்கொண்டு, பேசினால் மறுப்பாள் என்று எதுவும் கேட்காமல் விறுவிறுவென்று உள்ளே நுழைந்தான். பிறந்ததிலிருந்து அவன் செய்திராத காரியம் அது. வாசலில் நின்ற நண்டுகள் கொடுக்கை இறக்கிவிட்டு அவன் பின்னாலேயே நடந்தன.

நிவேஸ் மட்டி வாரும் இரும்பு வாரியை எடுத்தாள். நண்டுகள் முதலில் மூட்டைகளைக் கிழித்தன. குஞ்சின் ஓடு மெல்லியது. அந்த அவகாசத்தில் அவள் பழைய மட்டி இருந்த அடுப்பு மூலையை மறித்து நின்று நண்டுகளை வாரி வாரி வெளியே எறிந்தாள். கெண்டைக்காலில் ரத்தம் வழிந்தது. "போய்ச் சேந்தவருக்குப் பொணப்பெட்டி வாங்கினேன், மிச்சமிருக்கறத இதுங்களுக்கு விட்டுக்கொடுக்கமாட்டேன்" என்று அவள் கத்தியது மண்கரை வரைக்கும் கேட்டது. டெல்ஃபினா கறிக்கத்தியோடு ஓடி வந்தவள் வாசலில் சட்டென்று நின்றாள்.

"நிவேஸ், வரலாமா?"

"இப்ப என்னடி கேள்வி, வா!"

அவள் படி தாண்டியதும் வெளியே வரிசையில் இருந்த நண்டுகள் ஓர் அடி பின்வாங்கின. அடுத்தவள் கேட்டாள், இன்னும் ஓர் அடி. சங்கத்துப் பெண்கள் எல்லோரும், நிவேஸோடு பேச்சை நிறுத்தியவர்கள் உட்பட, ஒவ்வொருத்தியாக நின்று கேட்டு நுழைந்தார்கள். உள்ளே சிக்கிய நண்டுகளைக் கையாலேயே பிடித்து எறிந்தார்கள். தண்ணீர் வற்றியபோது பழைய மட்டியில் பாதி போயிருந்தது. லோரிஸ் வெளியே போய், தொப்பியைக் கழற்றி, வாசலில் நின்று கேட்டான்.

"வெறுங்கையோடன்னா வா" என்றாள் நிவேஸ்.

மிச்சமிருந்த பாதி, வசந்தத்தில் வற்றுநீரோடு குஞ்சுகளை வெளியே அனுப்பியது. அவை பிழைக்க இடம் வேண்டுமே என்று லோரிஸ்தான் பழைய வீடு ஒன்றின் கதவு நிலையைப் பெயர்த்து, படகில் கொண்டுபோய்க் கழியின் சேற்றில் நட்டான். அதன் முன்னால் நின்று "வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மட்டி பார்க்க இறங்கினான். இப்போது கழி நெடுக வாசல் நிலைகள் நிற்கின்றன, சுவரும் கூரையும் இல்லாமல். அவசரத்தில் யாராவது கேட்க மறந்த பாத்தியில் அன்றைக்கே வெறும் ஓடுதான். பழைய மட்டி நிதானமாக வளர்வது; வீடுகளுக்கு இரண்டாம் மாடி எழும்பவில்லை. உளுவை திரும்பியிருக்கிறது. விலாங்கு திரும்பவில்லை. கப்பல்கள் இன்னும் வருகின்றன, நிலைகளுக்கு வெளியே நீல நண்டு கொடுக்கைத் தூக்கியபடிதான் இருக்கிறது. ஊருக்கு அது பழகிவிட்டது, ஊர் விட்டுக்கொடுக்காமல் இருப்பது நண்டுக்கும் பழகியிருக்கும். நிவேஸின் சமையலறையில் தண்ணீர் இன்றைக்கும் அதே முழங்காலளவு, மேசைக்காலின் இரண்டாவது குறுக்குச் சட்டம் வரைதான் ஏறுகிறது.