ராணியின் குட்டிகளும் செவலையின் குட்டிகளும்

செல்லக்கனி கல்யாணமாகி விருதுநகர் பக்கம் வந்த 1962-ஆம் வருஷம், அவள் புருஷன் நல்லசிவத்தின் பட்டாசுக் கம்பெனிக்கு ராணி என்றொரு காவல் நாய் இருந்தது. காவல் என்பது பேருக்குத்தான். பொட்டலில் சாம்பிள் வெடி போட்டால் போதும், ராணி வீட்டுக்குள் பாய்ந்து கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும். அப்போது அது சினையாக வேறு இருந்தது.

ஒருநாள் மல்லாங்கிணற்றில் வெள்ளாமை செய்யும் சம்சாரி கண்ணுச்சாமி, கொத்தமல்லி மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வழியில் வந்தவர், கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்த ராணியைக் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"எங்க வீட்டு நாயி செவலைய நீங்க பாக்கணும் மொதலாளி. கெணத்துல வேட்டு வைக்கோம், பாறை தெறிக்கி. அது வரப்புல படுத்துக் கொட்டாவி விடுது. அதுவும் இப்பம் சினைதான்."

"அதெல்லாம் ரத்தத்துல இருக்கணும்யா" என்றான் நல்லசிவம்.

"ஏன், வளர்ப்பா இருக்கக் கூடாதா?" என்று கேட்டாள் செல்லக்கனி.

"நாய்க்கு என்ன வளர்ப்பு?"

"அப்ப அளந்து பாத்துருவோம்."

துணியை அளப்பார்கள், வெடிமருந்தை அளப்பார்கள். பயத்தை அளப்பதை நல்லசிவம் கேள்விப்பட்டதில்லை. ஆனால் செல்லக்கனி மதுரையில் விலங்கியல் படித்தவள். கல்லூரியில் தவளையை அறுத்து அறுத்துப் பார்த்ததுதான் மிச்சம். உயிரோடிருக்கும் ஒரு பிராணி ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று அங்கே யாரும் கேட்கவேயில்லை. அந்த ஆசை அவளுக்குள் அப்படியே கிடந்தது.

அவள் யோசனை எளிமையானது. இரண்டு நாயும் குட்டி போட்டதும், கண் திறக்குமுன் பாதிக் குட்டிகளை இடம் மாற்றிவிட வேண்டும். அங்கேயும் வெடிச்சத்தம், இங்கேயும் வெடிச்சத்தம். இரண்டு வீட்டிலும் இரண்டு ரத்தமும் வளரும். வளர்ந்தபின் எது எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

நல்ல வேளையாக இரண்டும் அடுத்தடுத்த நாளில் ஈன்றன. செல்லக்கனி கூடையில் ராணியின் குட்டிகளில் பாதியை வைத்துக்கொண்டு மல்லாங்கிணற்றுக்கு ஜீப்பில் போய் இறங்கினாள். கண்ணுச்சாமியின் மனைவி பஞ்சம்மாளுக்கு விஷயம் பிடித்துப்போயிற்று.

"வேத்துக் குட்டியின்னு மோந்து பாத்துக் கடிச்சிரும் தாயி. இருங்க" என்று உள்ளே போனவள், செவலையின் பாலைக் கொஞ்சம் பீய்ச்சி எல்லாக் குட்டிகள் மேலும் தடவினாள். செவலை முகர்ந்தது, நக்கியது, எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துப் படுத்துக்கொண்டது. செல்லக்கனிக்குக் கண் கலங்கிவிட்டது. செவலையின் குட்டிகளில் பாதியோடு வீட்டுக்கு வந்து ராணியிடமும் அதே போலச் செய்தாள். அதுவும் ஏற்றுக்கொண்டது.

குட்டிகள் ஓடியாடும் பருவம் வந்ததும் சோதனை நாள் வந்தது. கண்ணுச்சாமியும் பஞ்சம்மாளும் தங்களிடம் வளர்ந்த குட்டிகளை வண்டியில் கொண்டுவந்தார்கள். கம்பெனிப் பொட்டலில் கபடி ஆட்டத்துக்குப் போடுவது போலச் சுண்ணாம்பால் நான்கு கோடுகள் போட்டாள். முதல் கோட்டுக்குப் பக்கத்தில் கருவாட்டுச் சோறு; கோடு தள்ளத் தள்ளப் பயம் அதிகம் என்று கணக்கு. ஒவ்வொரு குட்டியாக விடுவது, அது தின்னும்போது தூரத்தில் ஒரு வெடி, எந்தக் கோட்டில் போய் நிற்கிறது என்று பார்ப்பது.

முதல் குட்டிக்கு நல்லசிவம் பெருமையாகப் பெரிய வெடியைக் கொளுத்தினான். குட்டி நான்கு கோட்டையும் தாண்டி, வேலியையும் தாண்டிப் போய்விட்டது. அதைத் தேடிப் பிடிப்பதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"சின்ன ஓலை வெடி போதும்" என்றாள் செல்லக்கனி.

அடுத்து வந்த செவலையின் குட்டிகள் எல்லாமே முதல் கோட்டில் நின்றன. கொஞ்சம் அளவுக்கு மீறி நன்றாகவே நின்றன. அவள் திரும்பிப் பார்த்தாள். வெடியைக் கொளுத்திவிட்டு முதல் கோட்டுப் பக்கம் வந்து நின்ற நல்லசிவத்தின் உள்ளங்கையில் வறுத்த கறித்துண்டு.

"என்னங்க இது!"

"நம்ம கட்சி ஜெயிக்கணும்ல" என்று அசடு வழிந்தான்.

அன்றைக்குச் சோதனை ரத்து. மறுபடி நடந்தபோது அவனைச் சுவருக்கு அந்தப் பக்கம் வெடி கொளுத்த அனுப்பினாள். தன்னையும் அவள் நம்பவில்லை. "எனக்கும் மனசு ஒரு பக்கம் சாயும்க்கா. எது எந்தக் குட்டின்னு எனக்கே தெரியக் கூடாது" என்று பஞ்சம்மாளிடம் ஒப்படைத்துவிட்டாள். பஞ்சம்மாள் குட்டிகளின் கழுத்தில் கலர் நூல் கட்டி, எது எதுவென்று தன் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். கண்ணுச்சாமிக்குக்கூடச் சொல்லவில்லை.

பொழுது சாயுமுன் எல்லாம் முடிந்தது. பஞ்சம்மாள் ஒவ்வொரு நூலாகச் சொல்லச் சொல்ல, செல்லக்கனி தரையில் குச்சியால் கோடு கிழித்தாள். செவலை பெற்று செவலையே வளர்த்தவை முதல் கோட்டில். ராணி பெற்று ராணியே வளர்த்தவை நான்காவதில். செவலை பெற்று ராணி வளர்த்தவை இரண்டாவதில், ராணி பெற்று செவலை வளர்த்தவை மூன்றாவதில்.

"நான்தான் ஜெயிச்சேன்!" என்றான் நல்லசிவம்.

"அவசரப்படாதீங்க. ரத்தம் ரெண்டு கோடு தள்ளுது. வளர்ப்பு ஒரு கோடு தள்ளுது. ரெண்டும் இருக்கு."

"அப்ப நான் ரெண்டு பங்கு, நீ ஒரு பங்கு."

அந்த ஒரு பங்கே அவளுக்குப் போதும்போல இருந்தது. நாய்க்கு என்ன வளர்ப்பு என்று கேட்டவன் தரையில் குந்தி, அந்தக் கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பச்சை நூலு மட்டும் இதுல சேரலையே" என்றான் திடீரென்று. ராணி பெற்று ராணி வளர்த்த பொட்டைக்குட்டி அது. வெடித்ததும் ஓடாமல், சிதறிய காகிதத்தைப் போய் முகர்ந்து தும்மியது.

"அது யாரு கணக்குலயும் வராது. அது தனி ஆளு" என்றாள் செல்லக்கனி.

குட்டிகளைப் பிரிக்கும்போதுதான் வம்பு வந்தது. செவலையிடம் வளர்ந்த ராணியின் குட்டிகளைத் திரும்ப எடுக்கப் போன நல்லசிவத்தைப் பஞ்சம்மாள் மறித்தாள்.

"அதெப்படி? பால் குடுத்தது எங்க செவலை. இதுக எங்க குட்டி."

"சரி, எடுத்துக்கோ. அப்ப இங்கன வளந்த உங்க குட்டி எங்களுக்கு."

"அதெப்படி? பெத்தது எங்க செவலையில்லா?"

கண்ணுச்சாமி தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க, நல்லசிவமும் சிரித்துவிட்டான். கடைசியில் பஞ்சம்மாள் கூடை நிறைய அள்ளிக்கொண்டு வண்டியேறினாள். ராணிக்கு அது பெற்ற குட்டிகளில் சிலதும், வளர்த்ததில் ஒன்றும் மிஞ்சின.

வண்டி கண்ணுக்கு மறைந்ததும் நல்லசிவம் கேட்டான்: "இப்பம் உறுதியாச்சா கனி? ஊர்ல சொல்லலாமா?"

"இம்புட்டுக் குட்டிய வச்சு எப்படிச் சொல்ல? நிறைய ஈத்து பாக்கணும். ஒரு நூறு குட்டியாவது வேணும்."

அவன் பொட்டலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான்.

"இந்த இடம் பத்தாது" என்றான். "கெழக்க இருக்க கரிசக்காட்டையும் வெலைக்குக் கேட்டுப் பாப்போம்."