கடைசி 2ஜி இணைப்பு

ரீசார்ஜ் கடையில் வேலை பார்த்த பெண் காலையில் பேசுவது மாலையில்தான் கேட்கும். கடை திறந்ததும் அவள் சொன்ன "வாங்க", விளக்கு போடும் நேரத்தில் வந்து காலி பெஞ்சை வரவேற்கும். எங்கள் தெரு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதற்கும் அசராதவர்கள் என்று எங்களுக்கு ஒரு பெயர் உண்டு. உண்மையில் நாங்கள் கவனிக்கவில்லை. அவள் முன்பும் பேசியவள் அல்ல. பள்ளியில் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் ஐயா" தொண்டையைத் தாண்டாது. கண்ணெதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு ஆசிரியர் ஆப்சென்ட் போட்டுவந்தார். கொஞ்ச நாளில் அவர் சொல்வதுதான் சரி என்று அவளுக்கே தோன்றிவிட்டதால் போவதை நிறுத்திக்கொண்டாள்.

சிம் மாற்ற இரண்டு கை போதாது. ஒன்றில் போன், மற்றதில் ஊசி. கழற்றிய சிம்மை அவள், தையல்காரர் குண்டூசியைக் கவ்வுவதுபோல், உதட்டில் கவ்விக்கொள்வாள். அப்படி ஒரு பழைய 2ஜி சிம்மைக் கவ்வியிருந்தபோது தும்மல் வந்தது. ஆட்கள் முன்னால் தும்மக் கூச்சப்பட்டு அதை விழுங்கினாள். சிம்மும் கூடவே போனது. தானாக வந்துவிடும் என்றார் டாக்டர். வரவில்லை. நெட் வராதபோது போனில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தை வைத்து, தெருப் பிள்ளைகள் அவளுக்குச் 'சுத்தல்' என்று பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர்தான் என்று அவளும் ஒப்புக்கொண்டாள். அன்று மழை என்பதால் ஒப்புக்கொண்டது மறுநாள் கேட்டது.

கடைக்காரர் அவளை மாதிரிக்கு வைத்தே வியாபாரம் செய்தார். "2ஜின்னா இதாங்க. இப்ப கேளுங்க, சாயங்காலம் வந்து பதில வாங்கிக்குங்க" என்பார். ஆட்கள் பயந்துபோய் 4ஜி வாங்கினார்கள். ஆனால் 2ஜிக்கு வேகம்தான் குறைவு, கை நீளம். அவள் சொல் வந்து சேரும்போது டவருக்குக் கீழே இருந்த அத்தனை வீட்டிலும், பூட்டிய பீரோவுக்குள்ளும்கூடக் கேட்கும். உலகத்தில் இந்த வரம் யாருக்கு வேண்டாமோ அவளுக்கே வாய்த்தது.

நாத்தனாருக்கு ஒன்று இருந்து தனக்கு இல்லை என்பது அவள் அண்ணிக்குப் பொறுக்கவில்லை. ஒரு 5ஜி சிம்மை வாழைப்பழத்தில் வைத்து விழுங்கினாள். அன்று முதல் கேட்பதற்கு முன்பே பதில் வந்தது. அண்ணன் சாப்பிட உட்காரும்போதே "உப்பு சரியாத்தான் இருக்கு" என்பாள். ஆனால் நடுவே ஒரு சுவர் வந்தால் ஒரு சொல்லும் தாண்டாது. அண்ணன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக இருக்கப் பழகினார். ஈடுகொடுக்க அவரும் ஒரு 4ஜியை விழுங்கினார். பகலெல்லாம் கடகடவென்று பேசுவார். மாலையில் ஊரே பேசத் தொடங்கியதும் நெரிசலில் சிக்கி, வாய் திறந்தபடி நின்றுவிடுவார். விற்காமல் கிடந்த 3ஜியை வீணாக்க மனமில்லாமல் கடைக்காரர் விழுங்கிவைத்தார். "ஏம்மா, அடுத்த மாசத்துலேர்ந்து உனக்குச் சம்பளத்த" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது 3ஜியை நிறுத்திவிட்டார்கள். வழியில் இருந்த மிச்சம் வந்து சேரவே இல்லை. பிறகு 4ஜிக்கு மாறியவர், என்ன சொல்லவந்தோம் என்றே நினைவில்லை என்றார்.

டவர் மெக்கானிக் ஒருவர்தான் அவள் பதிலுக்குக் காத்திருந்தவர். காலையில் கடையில் நின்று "சாப்ட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார். மாலையில் டவர் உச்சியில் "சாப்ட்டேன்" கேட்டதும் "சரிங்க" என்பார். அவள் சாப்பிட்ட விவரம் இப்படி ஊருக்கே தினமும் தெரிந்துவந்தது.

ஒருநாள் காலை அவர் சார்ஜர் ஒயர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சாயங்காலம் 2ஜிய நிறுத்தச் சொல்லிட்டாங்க. அதோட எனக்கும் வேற ஊரு. அதுக்குள்ள ஒண்ணு கேக்கணும். என்னைக் கட்டிக்கிறீங்களா?"

வாழ்நாளில் முதன்முறையாக அவள் உடனே பதில் சொன்னாள். ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அவள் உதடு அசைந்தது தெரியவில்லை. தலையாட்டியிருக்கலாமே என்று பின்னால் எல்லோரும் கேட்டார்கள். அவள் சொன்னது தலையாட்டலில் அடங்குகிற பதில் அல்ல. எழுதிக்காட்டலாம் என்று பேனாவை எடுத்தாள். பழக்கத்தில் ரீசார்ஜ் செய்யும் நம்பர்தான் எழுத வந்தது. அவர் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

வானம் மூடியிருந்தது. மாலையாகியும் பதில் வரவில்லை. அவர் டவர் அறைக்குள் போனார். நாத்தனாரின் முகத்தைப் பார்த்ததுமே அண்ணிக்கு எல்லாம் புரிந்தது. "என்கிட்ட விடு, பாப்பா" என்று சொல்லும்போதே பாதித் தெருவைக் கடந்திருந்தாள். அறையின் சுவருக்கு வெளியே நின்று கண் சிமிட்டும் நேரத்தில் மொத்தக் கதையையும் சொல்லிமுடித்தாள். ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை. பின்னாலேயே ஓடிவந்த அண்ணன் "மாப்ள" என்று தொடங்கி, வாய் திறந்தபடி நின்றுவிட்டார். அவளோ, சொல் வந்துவிட வேண்டும், யார் காதிலும் விழக்கூடாது என்று இரண்டையும் ஒன்றாக வேண்டிக்கொண்டு நின்றாள்.

மெக்கானிக் சுவிட்சில் கை வைத்தபோது எல்லா வீடுகளிலிருந்தும் "சம்மதம்" என்று கேட்டது. குக்கருக்குள்ளும் கேட்டது. அவள் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி கைதட்டத் தொடங்குமுன் அடுத்த சொல்லும் வந்தது: "ஆனா". அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"என்னப்பா, நிறுத்திட்டியா?"

"இல்ல சார். ஒரு ஆனா நடுவுல நிக்குது."

ஊர் அன்று வேறு வேலை பார்க்கவில்லை. வேலையை விடமாட்டாளாம் என்றாள் அண்ணி. சம்பளத்தைப் பற்றி இருக்கக்கூடாதே என்று கடைக்காரர் கவலைப்பட்டார். அவளிடம் கேட்டுப் பயனில்லை. இனி அவள் எதைச் சொன்னாலும் அது அந்த ஆனாவுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கும். மெக்கானிக் சுவிட்சுப் பெட்டிக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் தெரு முழுவதும் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது மிச்சம் வந்தது. "யோசிக்கக் கொஞ்சம் டைம் குடுங்க."

"எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் பெட்டியைப் பூட்டினார். நிறுத்தியாயிற்று என்று அலுவலகத்துக்குத் தகவல் போனது. இடமாற்றத்தை அவரே வேண்டாமென்று எழுதிக்கொடுத்தார். நிறுவனத்தின் வரைபடத்தில் எங்கள் ஊரில் 2ஜி கிடையாது. ஊரில் இருக்கிறது. அவள் நிதானமாக யோசித்தாள். கல்யாணம் ஆகிச் சில வருடங்கள் ஆகின்றன. நேற்றுக் காலை அவர், குடை எடுத்துப்போகவா என்று கேட்டிருக்கிறார். மாலையில் நனைந்து வீடு திரும்பி, தலையைத் துவட்டிக்கொண்டிருந்த எங்கள் எல்லோருடைய காதிலும் "எடுத்துட்டுப் போங்க" என்று விழுந்தது.