படிக்கல்லின் எடை

கடைத்தெருவில் அவருக்குப் படிக்கல், அதாவது எடைக்கல், என்று பெயர். வைத்தவர்கள் கடைக்காரர்கள். அவர்களுடைய தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கிற ஆய்வாளர் அவர். உடம்பு நூற்று நான்கு கிலோ. வைத்த இடத்தை விட்டு அசையாத குணம் வேறு. பெயர் அத்தனை கச்சிதமாகப் பொருந்தியதில் அது கடைத்தெருவோடு நிற்காமல் அவருடைய அக்கா வீட்டுக்காரர் வாய் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

தொழிலில் அவர் புலி. அதை மறைத்து வைக்கிற அடக்கமும் அவரிடம் கிடையாது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே பாடம் எடுத்துவிடுவார். எண் ஓடுகிற பெட்டியைப் பார்க்காதே, கடைக்காரனின் கையைப் பார். தட்டின் அடியில் ஒட்டிய காந்தம், ஓரத்தில் ஊன்றிய கட்டைவிரல், பொட்டலத்தைச் சரிசெய்கிற சாக்கில் ஒரு சின்ன அழுத்து. எண் பாவம், அதற்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும். பொய் எப்போதும் கையில்தான் இருக்கும் என்பார். அவரிடம் பாடம் கேட்டவர்கள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு தலையாட்டுவார்கள்.

இப்பேர்ப்பட்டவர் பட்டினி கிடக்க ஆரம்பித்ததற்குக் காரணம் அழகு ஆசை இல்லை. அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்து, ரத்தத்தை மெஷினுக்குக் கொடுத்துச் சுத்தம் செய்து திரும்ப வாங்கிக்கொண்டிருந்தாள். அத்தான் தன்னுடையதைக் கொடுக்க முன்வந்தார், பொருந்தவில்லை. தம்பியுடையது பொருந்தியது. குடும்பத்தில் இந்த மனுஷன் எதற்காவது பொருந்தியது இதுதான் முதல் தடவை என்று அவர் மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் "அப்படியா" என்றாள். அவ்வளவுதான். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று தம்பி எடுத்துக்கொண்டார்.

பெரிய டாக்டர் அவரைப் பார்த்தார், அவர் வயிற்றைப் பார்த்தார், பேனாவை மூடினார். இந்த உடம்புக்கு இரண்டு சிறுநீரகமே திணறிக்கொண்டிருக்கிறது, ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டார். தொண்ணூறுக்குக் கீழே இறங்கி வந்தால்தான் கத்தி வைப்பேன் என்று சொல்லிவிட்டார். வருஷக் கடைசி விடுமுறை முடிந்ததும் எடை பார்க்கிற நாள். அதைத் தவறவிட்டால் அடுத்த முறை வர மாதக்கணக்காகும். அக்காவின் கையிலோ ஊசி குத்த நல்ல நரம்பு என்று ஒன்றும் மிச்சமில்லை.

அன்றிலிருந்து படிக்கல் ஆடாக மாறினார். காலையில் இலை, மதியம் வேகவைத்த இலை, இரவு இலை வெந்த தண்ணீர். வீட்டில் வறுக்கிற வாசனை வந்தால் வாசலுக்குப் போய் நின்றுகொள்வார். தினம் காலையில் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, சட்டையைக் கழற்றி, மூச்சை அடக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுவார். காற்றுக்கும் எடை உண்டே. மூன்று தடவை ஏறி, மூன்றும் ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொள்வார். கடைத்தெருவில் செய்கிறதை வீட்டிலும் செய்தார், அவ்வளவுதான். விடுமுறை வந்தபோது தொண்ணூறு கிலோ அறுநூறு கிராம் காட்டியது. இன்னும் ஒரு கொத்து இலை தின்றால் போதும் என்கிற நிலை.

அப்போதுதான் அக்கா விடுமுறைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள்.

அக்காவுக்கு உப்பு ஆகாது, ஒரு நாளைக்குக் குடிக்கிற தண்ணீர் கூட அளவுதான். ஆனாலும் அன்றைக்கு ருசி பார்க்காமலே அவ்வளவும் சமைத்திருந்தாள். முழுசாக வறுத்த கோழி, நெய் மிதக்கிற சோறு, மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு, உப்புத் தூவிய முந்திரி, முடிவில் கேக், கேக்கின் தலையில் ஐஸ்கிரீம். படிக்கல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒரு கைப்பிடி போதும் என்று சொல்லிப் பார்த்தார். அந்த வார்த்தை அக்கா காதில் ஏறியதே இல்லை. மற்ற வீடுகளில் பரிமாறுகிறவர்கள் போதுமா என்று ஒரு வார்த்தையாவது கேட்பார்கள். அக்கா கேட்கமாட்டாள். தட்டில் இடம் தெரிந்தால் கரண்டி இறங்கும்.

ஒரு மணி நேரம் கழித்துப் படிக்கல் எழுந்தபோது கோழியில் எலும்புதான் இருந்தது. மாதக்கணக்கில் கட்டிப்போட்டிருந்த வாய் ஒரே நாளில் வட்டியும் முதலுமாக வசூலித்துவிட்டது. அக்கா அவர் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் அப்படி ஒரு திருப்தி. அவள் முன்னால் பாதி டம்ளர் தண்ணீர் இருந்தது, அதையும் குடிக்காமல் வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து அவர் விடிய விடிய விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தார். செரிக்காததில் பாதி கோழி, பாதி குற்ற உணர்ச்சி.

காலையில் தூக்குமேடை ஏறுவது போல மெஷினில் ஏறினார். தொண்ணூறு இருநூறு. குறைந்திருந்தது.

மூன்று தடவை ஏறினார். மூன்றும் அதையே சொன்னது. இந்த இடத்தில் புத்தியுள்ள மனுஷன் வாயை மூடிக்கொண்டு இலைக்குத் திரும்பியிருப்பான். நம் ஆய்வாளருக்கு ஞானம் பிறந்துவிட்டது. பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று தீனி போட்டால் அது மிரண்டுபோய்க் கொழுப்பைக் கரைக்கிறது என்று ஒரு தத்துவத்தைக் கண்டுபிடித்து, மனைவியிடம் அரைமணி நேரம் விளக்கினார். அக்கா கட்டிக்கொடுத்திருந்த மிச்சத்தையும் அந்தத் தத்துவத்தின் பேரில் முடித்தார். அதோடு வந்த முந்திரி டப்பாவை அலுவலக மேஜைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் தொண்ணூற்று இரண்டு நானூறு.

அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. மறுநாள் தொண்ணூற்று இரண்டு எழுநூறு. ஒன்றுமே தின்னாமல் ஏறியிருந்தது. தின்றால் இறங்குகிறது, தின்னாவிட்டால் ஏறுகிறது. தராசு உலகத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

அலுவலகத்திலிருந்து முத்திரையிட்ட இருபது கிலோ எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஜீப்பில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். கூடத்தின் நடுவில் மெஷினை வைத்து, நாலு மூலையிலும் நடுவிலும் கற்களை வைத்து, படுத்துக்கொண்டு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். மெஷின் கிராம் பிசகாமல் சரியாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, கடை வைக்கப்போகிறீர்களா என்று விசாரித்தார்.

மெஷின் நிரபராதி என்றால் வீட்டில் மிச்சமிருக்கிற ஆள் யார்? மனைவியைக் கூப்பிட்டு, தான் ஏறுகிற நேரத்தில் அவள் எங்கே நிற்கிறாள் என்று விசாரணை நடத்தினார். அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"முப்பது வருஷம் உங்களத் தாங்கினேனே, அதுல ஒரு நாளாவது எடை தப்பா சொல்லிருக்கேனா? உள்ள போனது உங்க வாய் வழியாத்தான் போச்சு. அந்த வாய்க்கு ஒரு முத்திரை வைங்க."

விசாரணை அத்துடன் முடிந்தது.

மனம் கேட்காமல் அக்காவுக்கே போன் செய்து புலம்பினார். எடை பார்க்கிற நாள் வந்துகொண்டிருக்கிறது, எண்ணோ குரங்கு மாதிரி தாவுகிறது, உன் தம்பி உன்னைக் கைவிட்டுவிடுவான் போலிருக்கிறது என்றார். அக்கா நிதானமாகச் சொன்னாள்.

"அது கொழுப்பு இல்லடா, தண்ணி. உப்பு உள்ள போனா உடம்பு தண்ணியப் புடிச்சு வெச்சுக்கும், ரெண்டு நாள் கழிச்சுத்தான் காட்டும். என்னைவிட அது யாருக்குத் தெரியும்?"

பிறகு, முந்திரி தீர்ந்துவிட்டதா, இன்னொரு டப்பா அனுப்பட்டுமா என்று கேட்டாள். அக்காவின் பாசத்தை நினைத்துப் படிக்கல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊரில் இருக்கிற கட்டைவிரலையெல்லாம் மோப்பம் பிடிக்கிற ஆளுக்கு இது உறைக்கவில்லை. இதைத்தான் படித்த படிப்பு என்பது.

டப்பா வந்தது. இந்தத் தடவை அவர் அதை மனைவி கையில் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொன்னார். மீண்டும் இலை, மீண்டும் இலை வெந்த தண்ணீர், உப்பு ஒரு கல் கூட இல்லாமல். பிடித்து வைத்த தண்ணீரை உடம்பு ஒரு நாள் மூச்சுவிடாமல் இறக்கியது, அடுத்த நாள் காரணமே இல்லாமல் அரைக்கிலோ ஏற்றியது, பிறகு மனமிரங்கி இறக்கியது. எடை பார்க்கிற நாள் காலையில் வீட்டு மெஷின் எண்பத்தொன்பது எழுநூறு என்றது. மூன்று தடவையும். அவர் பல் தேய்க்கிற தண்ணீரைக் கூட விழுங்காமல் கிளம்பினார்.

ஆஸ்பத்திரியில் அக்கா முன்பே வந்து காத்திருந்தாள். அன்றைக்கு அவளுக்கும் மெஷினில் படுக்கிற நாள். தம்பியின் எடையைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று நர்ஸிடம் சொல்லியிருந்தாள். கையில் ஒரு சாப்பாட்டுப் பை. அங்கே எடை பார்ப்பது தரையோடு தரையாகப் பதித்த அகலமான இரும்புத் தகட்டில். சக்கர நாற்காலியோடு ஏற்றுகிற மாதிரி செய்தது. எண் காட்டுகிற பெட்டி எதிர்ச் சுவரில் இருந்தது. வாரத்துக்கு மூன்று தடவை, படுப்பதற்கு முன்னால் ஒன்று, எழுந்த பிறகு ஒன்று என்று அக்கா அந்தத் தகட்டில் ஏறி இறங்குகிறவள். அதன் ஒவ்வொரு கீறலும் அவளுக்குத் தெரியும்.

படிக்கல் செருப்பையும் சட்டையையும் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டுத் தகட்டின் நடுவில் போய் நின்றார். அக்கா அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். நர்ஸ் சுவரைப் பார்த்தாள்.

"தொண்ணூத்திரண்டு நூறு."

அவர் எண்ணையே வெறித்துப் பார்த்தார். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் காற்றைக் குடித்தா இரண்டு கிலோவுக்கு மேல் ஏறும்? இறங்கி மறுபடி ஏறினார். தொண்ணூற்று இரண்டு முந்நூறு. நர்ஸ் பாவம் பார்த்து இன்னொரு தடவை ஏறச் சொன்னாள். தொண்ணூற்று ஒன்று எண்ணூறு. நர்ஸ் பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்தாள்.

மூன்றும் ஒத்துப்போகவில்லை. அசையாமல் நிற்கிற ஒரு பொருள் மூன்று தடவை மூன்று எடை காட்டினால் என்ன அர்த்தம் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவருக்கு அப்போதுதான் தன் பாடம் ஞாபகம் வந்தது. எத்தனை நாளாக எண்ணையே வெறித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவையாவது கையைப் பார்த்தாரா? சுவரை விட்டுவிட்டுக் குனிந்து, தன் காலுக்குப் பின்னால் தகட்டின் ஓரத்தைப் பார்த்தார்.

ஓரத்தில் ஒரு பாதம் ஊன்றியிருந்தது. நீர் கோத்து வீங்கிய பாதம். அதன் கட்டைவிரல் வெளுக்கிற அளவுக்கு அழுத்தியிருந்தது.

கோழி, நெய், முந்திரி, இரண்டாவது டப்பா, "அப்படியா" எல்லாம் ஒவ்வொன்றாக அவருக்குள் வந்து உட்கார்ந்தன. எத்தனையோ கடைக்காரர்களைக் கையும் களவுமாகப் பிடித்தபோது போட்ட அதட்டல் ஒன்று கூட இப்போது வாய்க்கு வரவில்லை.

"அக்கா, காலை எடு."

அவள் எடுக்கவில்லை. நர்ஸுக்குக் கேட்காத குரலில், அவர் முதுகைப் பார்த்தே பேசினாள்.

"உனக்குப் பிள்ளைங்க இருக்குடா. உன் உடம்பு ஒண்ணை வெச்சுக்கிட்டுத் தாங்காதுன்னு டாக்டரே சொன்னாரு. நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் அதை உள்ள வெச்சுக்கிட்டு எப்படி நடமாடுவேன்?"

"வேண்டாம்னு வாயத் திறந்து சொல்லிருக்கலாமே."

"சொன்னா கேட்டிருப்பியா? சின்ன வயசுலேர்ந்து நான் சொல்லி நீ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். சாப்பிடுன்னு சொன்னா சாப்பிடுவ."

படிக்கல் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவார் என்று தெரிந்தது, அழுகிற ஆளை எடை பார்த்தால் தகடு ஆடும்.

"தாங்குறதுக்குத்தானேக்கா இவ்ளோ நாளா இலைய தின்னேன். இனிமேலும் திங்கிறேன். நீ அழுத்தினா நான் இறங்கிப் போயிடுவேன்னு நினைச்சியா? மூணு மாசம் கழிச்சு மறுபடி வந்து இதே இடத்துல நிப்பேன். நீ இருக்கணுமில்ல, கால வைக்க."

நர்ஸ், என்ன சார், எழுதிவிடட்டுமா என்று கேட்டாள். இன்னும் ஒரே தடவை பாருங்கள் சிஸ்டர் என்றார் அவர், சுவரிலிருந்த எண்ணைப் பார்த்தபடி.

தொண்ணூற்று ஒன்று எண்ணூறிலேயே அது கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தொண்ணூற்று ஒன்று இருநூறு. தொண்ணூறு தொள்ளாயிரம். தொண்ணூறு நானூறு. அங்கே வந்து மறுபடி நின்றுகொண்டது. அக்கா விடுவதற்கு எவ்வளவு கஷ்டப்படுகிறாள் என்பதை அவர் தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கிராம் கிராமாகப் பார்த்தார். கடைசியில் எண் ஒரு குதி குதித்து, எண்பத்தொன்பது எழுநூறில் அசையாமல் உட்கார்ந்தது. நர்ஸ் தலையைச் சொறிந்துகொண்டே அதை எழுதினாள்.

அவர் திரும்பினார். அக்கா இரண்டு காலும் தரையில் இருக்க, அவர் சட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷத்தில் அவருக்குப் பரிமாறும்போது ஒரு தடவை கூடக் கேட்காததை இப்போது கேட்டாள்.

"போதுமாடா?"

"போதும்க்கா."