தம்பியின் பின்னூட்டங்கள்

வலைப்பதிவைப் புத்தகமாக்குவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. எழுதியவரின் கையைக் காலைப் பிடித்துச் சம்மதிக்க வைக்க வேண்டும், பதிவுகளை நகலெடுத்து ஒட்ட வேண்டும், நடுநடுவே இளிக்கிற மஞ்சள் மூஞ்சிகளைப் பிடுங்கிப் போட வேண்டும். அச்சுக்குப் போகுமுன் வலைப்பதிவை அழிக்கச் சொல்ல வேண்டும். ஓசியில் கிடைப்பதை எந்த மடையன் கடையில் வாங்குவான்? இதில் மட்டும் நான் படு கறார். அழித்து, குப்பைத்தொட்டியையும் காலிசெய்து முடிக்கும்வரை போனை வைக்க விடமாட்டேன்.

இந்த நர்ஸம்மா எட்டு வருடமாக வார்டில் பார்த்ததையெல்லாம் வலைப்பதிவில் எழுதியிருந்தார். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே அவருடைய தம்பியின் பின்னூட்டம் இருக்கும். அக்காவை ‘ஊசி’ என்று கூப்பிட்டு வம்பிழுப்பான். இரண்டு வருடத்துக்கு முன் லாரி மோதிச் செத்துப்போனான். அதோடு அவரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

“புத்தகமெல்லாம் எனக்கு முக்கியமில்ல சார். அவன் எழுதினது வேற எங்கயும் இல்ல, போன்கூட நொறுங்கிப் போச்சு. அவன் பேச்சும் சேர்ந்து வரும்னா போடுங்க” என்றார்.

“தாராளமா” என்றேன்.

சொன்னேனே தவிர, பக்கங்களை வடிவமைக்கும் என் மச்சினியிடம் அதைச் சொல்லவில்லை. மறந்து தொலைத்தேன். எந்தப் புத்தகத்துக்கும் நாங்கள் பின்னூட்டங்களை எடுப்பதில்லை. முக்கால்வாசி ‘அருமை’, ‘கலக்கல்’ என்கிற குப்பைதான். அவள் வழக்கம்போலப் பதிவுகளை மட்டும் எடுத்தாள். நான் வழக்கம்போல போன் போட்டேன்.

“எல்லாம் எடுத்தாச்சா சார்?” மூன்று தடவை கேட்டார்.

“எடுத்தாச்சும்மா. அழிங்க.”

பத்து நாள் கழித்து மெய்ப்பு பார்க்க வந்தார். பக்கங்களைப் புரட்டினார். திரும்ப முதலிலிருந்து புரட்டினார்.

“தம்பி எங்க சார்?”

“அது தனி ஃபைல்மா. அடுத்த புரூஃப்ல வந்துடும்” என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது பாருங்கள். அவரும் நம்பிப் போய்விட்டார்.

“கமென்ட் எதையும் எடுக்க வேணாம்னு நீங்கதானே மாமா சொல்லி வச்சிருக்கீங்க” என்றாள் மச்சினி. இணையத்தில் பழைய நகல்களைத் துழாவினோம். நாலைந்து பதிவுகள் அகப்பட்டன. அவன் எழுதியது ஒரு வரிகூட இல்லை.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்தத் துப்பில்லை. வெளியீட்டு விழாவுக்கு நாள் குறித்து அழைப்பிதழும் அனுப்பியாயிற்று. அவனுடைய பாணி எனக்குப் பிடிபட்டிருந்தது, நானே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

“இதுல நான் கை வைக்க மாட்டேன் மாமா. அந்தப் பொண்ணு உங்களை என்ன பண்ணுச்சு?” என்றாள் மச்சினி. போடி என்று சொல்லிவிட்டு நானே இரண்டு விரலால் தட்டினேன். மூன்று நாளில் அறுபத்திரண்டு பின்னூட்டங்கள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சிலது நன்றாகவே வந்திருந்தது.

நர்ஸம்மா என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து தம்பியின் வரிகளை மட்டும் படித்தார். ஓரிடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“இது ஞாபகம் இருக்கு சார். டூட்டில படிச்சிட்டு வார்டுலயே சிரிச்சிட்டேன். ஹெட் நர்ஸ் திட்டினாங்க.”

நான் போன செவ்வாய்க்கிழமை டீ குடித்துக்கொண்டே எழுதிய வரி அது. அடுத்த பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தேன்.

கடைசிப் பக்கத்தில் அவர் விரல் நின்றது. ‘போதும் ஊசி, போய்த் தூங்கு’ என்று முடித்திருந்தேன்.

“இதுவா சார் அவன் கடைசியா எழுதினது?”

“ஆமாம்மா.”

“ஞாயித்துக்கிழமை வரேன்னு எழுதியிருந்தான்னுதான் நெனச்சேன். அவன் வர்ற வழியிலதான் போயிட்டான்னு ரெண்டு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன்.” மறுபடி படித்தார். “அப்போ நானாத்தான் அப்படி நெனச்சுக்கிட்டேனா? கடைசி வரியைக்கூட ஒழுங்கா ஞாபகம் வச்சுக்கல. நானெல்லாம் என்ன அக்கா சார்?”

மச்சினி எழுந்து வெளியே போனாள்.

“மறக்கறது சகஜம்தாம்மா” என்று சொல்லி, அச்சுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினேன்.